வேட்டுச் சத்தம் பெரிதாக இருந்தால்தான் கல் நன்றாக உடையுமா?

12.06.2025, காலை

கேள்வி இது: "எங்கள் வீடு கரூர் மாவட்டத்தில். கல்குவாரி சுமார் 400 மீட்டர் தள்ளி. சாயங்காலம் வேட்டு வைத்தால் சன்னல் படபடவென்று அடிக்கிறது, அலமாரியில் பாத்திரம் ஆடுகிறது, ஹால் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. போய்க் கேட்டால், சத்தம் இல்லாமல் கல் எப்படிங்க உடையும், பெரிய சத்தம் வந்தால்தான் நல்ல வேட்டு என்கிறார்கள். உண்மையா?"

12.06.2025, இரவு

உண்மை இல்லை. நேர்மாறு.

நான் 26 வருடம் குவாரியில் வெடி வைத்தவன். வெடி வைக்கிறவருக்கான பிளாஸ்டர் சர்டிபிகேட் வாங்கியது 1996-ல், அதற்கு முன்னால் நாலு வருடம் பாறையில் துளை போடுகிற ஜாக்கி ஹேமர் பிடித்தேன். நல்ல வேட்டு என்றால் 'தும்' என்று அடிவயிற்றில் ஓர் அழுத்தம் மாதிரி வரும், பாறை முகம், அதாவது வெட்டி நிற்கிற திறந்த சுவர், லேசாக முன்னால் வீங்கும், அப்படியே மடிந்து காலடியில் குவிந்து நிற்கும். காதைப் பிளக்கிற 'டமார்' வந்தால் கல்லை உடைக்கப் போக வேண்டிய சக்தி குழிவாய் வழியாக வெளியே ஓடிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் அடைப்பில் இருக்கிறது. பாறையில் துளைத்த குழிக்குள் வெடிமருந்துத் தோட்டாவை வைத்து, அதற்கு மேலே வாய் வரை நிரப்பி மூடுவதுதான் அடைப்பு. அடைப்பு சரியாக இருந்தால் சத்தம் வராது, கல் பறக்காது.

13.06.2025

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன், இன்னும் கொஞ்சம் விளக்குகிறேன்.

தோட்டா வெடித்ததும் முதலில் ஓர் அதிர்வலை பாறைக்குள் ஓடும். அது திறந்த முகத்தைத் தொட்டுத் திரும்பும்போது பாறையை இழுக்கிற அலையாகத் திரும்பும். பாறை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது, அமுக்கத்துக்குத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுப்புக்குத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கீறல் விழுந்த பிறகுதான் குழிக்குள் அடைபட்ட சூடான வாயு அந்தக் கீறல்களில் புகுந்து கல்லைப் பிளந்து முன்னால் தள்ளும். அதற்கு வாயு சில மில்லி செகண்டாவது உள்ளேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம், சில மில்லி செகண்ட். அடைப்பு இல்லையென்றால் அந்த நேரமும் கிடைக்காது.

குழிக்கும் திறந்த முகத்துக்கும் நடுவே நிற்கிற கல்லை பர்டன் என்போம். குழியின் விட்டத்தைப் போல 25 முதல் 35 மடங்கு பர்டன் என்பது பழைய கணக்கு. ஜாக்கி ஹேமர் குழி 32 மி.மீ., முப்பது மடங்கு போட்டால் 96 செ.மீ., ஆக மூன்றடி. அடைப்பும் பர்டனில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்தடிக் குழியில் இரண்டேகால் அடிக்கு மேல் வெறும் அடைப்பா, காசு கொடுத்துத் துளைபோட்டது மண் நிரப்பவா என்று முதலாளிகள் கேட்பார்கள். ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான்.

14.06.2025

எதைப் போட்டு அடைப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலான இடத்தில் குழிவாயில் குவிந்து கிடக்கிற துளைத்தூசியையே காலால் தள்ளி நிரப்பிவிடுகிறார்கள். பவுடர் மாதிரி இருக்கிற அந்தத் தூசி ஒன்றையொன்று பிடிக்காது, அழுத்தம் வந்ததும் துப்பாக்கிக் குண்டு மாதிரி மொத்தமாக வெளியே போய்விடும். பெரிய குழி, 110 மி.மீ. மாதிரி என்றால் கிரஷரில் சலித்த 10, 12 மி.மீ. சில்லு ஜல்லி போட வேண்டும். சில்லுக்கு மூலை இருக்கிறது. கீழிருந்து வாயு தள்ளும்போது ஒன்றின் மூலை இன்னொன்றின் இடுக்கில் போய்ச் செருகி, குழிச்சுவரையும் கவ்விக்கொண்டு இறுகும், தள்ளத் தள்ள இறுகும். சின்னக் குழிக்குக் களிமண்ணும் மணலும் கலந்து ஈரப்பதமாகப் பிசைந்து, பேப்பரில் கொழுக்கட்டை நீளத்துக்கு உருட்டி வைத்துக்கொள்வோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து உருட்டுவது எங்கள் வேலை. மரக்கட்டையால் மெதுவாக இடித்து உட்கார வைக்க வேண்டும். இரும்பு ராடு குழிக்கு அருகில்கூட வரக்கூடாது.

17.06.2025

திருத்தம். 12-ஆம் தேதி 'எல்லாம் அடைப்பில் இருக்கிறது' என்று எழுதியது தப்பு. துளை போடுகிற டிரில்லர் தம்பி ஒருவர், "அண்ணே, முன்வரிசையில் முகமே குழிவாக இருந்தால் அடைப்பு என்ன செய்யும்?" என்று கேட்டார். அவர் கேட்டதும் எனக்கு 2003 ஞாபகம் வந்து ராத்திரி தூக்கம் போய்விட்டது. இதை எழுதாமல் அடைப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

அன்றைக்கு என் அடைப்பில் குறை இல்லை. சில்லு ஜல்லி, அளந்து போட்டது. மேலிருந்து பார்த்தால் முகத்துக்கும் முன்வரிசைக்கும் இரண்டரை மீட்டருக்கு மேல் இடைவெளி. ஆனால் முந்தைய வேட்டு முகத்தின் நடுவயிற்றை உள்ளே கடித்துக்கொண்டு போயிருந்தது, அந்த உயரத்தில் ஒரு குழிக்கு முன்னால் கல் ஒரு மீட்டர்கூட இல்லை. நான் மேலே நின்று பார்த்தேன், கீழே இறங்கிப் பார்க்கவில்லை. அந்த ஒரு குழி வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. 350 மீட்டர் தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகை ஓட்டைப் பொத்துக்கொண்டு கல் விழுந்தது. மாடு மேய்ச்சலில் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். நாலு கிலோ இருக்கும். அது இன்றைக்கும் என் வீட்டு வாசலில் கிடக்கிறது, செருப்பு மாட்டும்போது தினமும் கண்ணில் படும்.

அதற்கப்புறம் முகத்தை அளக்காமல் நான் ஒரு வேட்டும் வைத்ததில்லை. நூல் கயிற்றில் அடிக்கு அடி முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, மேலே நீட்டின கம்பிலிருந்து முகத்துக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். கீழே ஓர் ஆள் எட்ட நின்று எந்த முடிச்சில் கயிற்றுக்கும் பாறை முகத்துக்கும் நடுவே இடைவெளி விரிகிறது என்று சொல்லுவார். எங்கே குழிவோ அந்த உயரத்தில் தோட்டா வைக்காமல் வெறும் சில்லை நிரப்பிவிட்டு, அதற்கு மேலே மறுபடி தோட்டா. அரைமணி நேர வேலை.

18.06.2025

அதே தம்பி இன்னொன்றும் சொன்னார், அது அவருடைய அனுபவம், அப்படியே தருகிறேன். துளை போடும்போது சாம்பல் நிறத் தூசி வந்துகொண்டிருக்கும், திடீரென்று காவி நிறமாக மாறும், ராடு கையில் பிடிக்காமல் அரை அடி இறங்கும். அந்த ஆழத்தில் பாறைக்கு நடுவே மண் நரம்பு ஓடுகிறது, வாயு அந்த வழியாகவும் தப்பி ஓடும். டிரில்லர் வாயைத் திறந்து சொன்னால்தான் பிளாஸ்டருக்குத் தெரியும். வெடி வைக்கிறவனுக்கு முதல் கண் டிரில்லருடைய கை. எந்தக் குழி, எத்தனையாவது அடி என்று சுண்ணாம்பால் குழி பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

21.06.2025

அதிர்வுக்கு வருவோம். கேட்டவருக்கு அதுதான் முக்கியம்.

தரை எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்பதை மி.மீ./செகண்டில் அளக்கிறார்கள். மொத்தம் எத்தனை கிலோ வெடித்தது என்பதைவிட ஒரே நொடியில், சரியாகச் சொன்னால் 8 மில்லி செகண்டுக்குள், எத்தனை கிலோ வெடித்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். தூரத்தை அந்தக் கிலோவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 300 மீட்டரில் 100 கிலோ ஒரே அடியாக என்றால் 300-ஐப் பத்தால் வகுக்க 30. அதே 100 கிலோவைப் பதினொரு குழியில் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தால் 300-ஐ மூன்றால் வகுக்க 100. இந்த எண் பெரிதாகப் பெரிதாக அதிர்வு குறையும். பாறைக்குப் பாறை மாறினாலும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் 1.6 என்ற அடுக்கைப் போட்டுப் பார்த்தால், இரண்டாவது வகையில் அதிர்வு கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்குதான். அதே மருந்து, அதே கல்.

இடைவெளி விடுவதில் இன்னொரு லாபம். பஸ்ஸில் முன்னால் நிற்பவர் இறங்கினால்தான் பின்னால் நிற்பவருக்கு வழி. முன்வரிசைக் கல் நகர்ந்து இடம் விட்ட பிறகு பின்வரிசை வெடித்தால் கல்லும் நன்றாக உடைகிறது, உடையாமல் நிற்கிற பெரிய கல், போல்டர், குறைகிறது. குழிக்குக் குழி 17 அல்லது 25, வரிசைக்கு வரிசை 42 மில்லி செகண்ட் என்று தாமதித்து வெடிக்க வைக்கிற டிலே கிடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே திரியில் கட்டி ஒன்றாக அடிப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், வயசு எத்தனை ஆனாலும் வரும்.

22.06.2025

அதிர்வுக்கு அனுமதித்த அளவு என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997-ல் சொன்னது: குவாரிக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேலே 15. புராதனச் சின்னங்களுக்கு இதே வரிசையில் 2, 5, 10. மெதுவான ஆட்டம்தான் வீட்டுக்கு ஆபத்து, ஏனென்றால் வீடே இயல்பாக அந்த வேகத்தில் ஆடக்கூடியது.

மனித உடம்பு 1 மி.மீ.-க்குக் குறைவானதையே உணர்ந்துவிடும். அதனால் வீடு ஆடினது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லும் குவாரிக்காரரும் பொய் சொல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் சன்னல் படபடப்பது பெரும்பாலும் தரை வழியாக வருவதில்லை, காற்று வழியாக வருவது. சுள்ளென்று சாட்டை சொடுக்கின மாதிரி சத்தமா, அல்லது கனமான சத்தமா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

23.06.2025

சுள்ளென்றுதான் என்கிறார். அப்படியானால் குழிக்குக் குழி வெடியைக் கொண்டுபோகிற மருந்துக் கயிற்றை, டெட்டனேட்டிங் கார்டை, தரைமேல் ஓட விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கார்டு செகண்டுக்கு 7000 மீட்டர் வாக்கில் வெடித்துக்கொண்டே ஓடும், மேலே மண்கூடப் போட்டு மூடாமல் விட்டால் முழுச் சத்தமும் காற்றுக்குத்தான். நோனெல் குழாய் வேறு. மூன்று மி.மீ. பிளாஸ்டிக் குழாய், உள்சுவரில் தூசி மாதிரி மருந்து, அதிர்வு 2000 மீட்டர் வேகத்தில் உள்ளேயே ஓடும், குழாய் கிழியக்கூடக் கிழியாது. ஸ்வீடன்காரர்கள் கொண்டுவந்தது. தோட்டாவைத் தூண்டி வெடிக்க வைக்கிற எலெக்ட்ரிக் டெட்டனேட்டருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தடை வந்துவிட்டது, அதனால் கார்டா நோனெலா என்ற பேச்சு இப்போது எல்லாக் குவாரியிலும் ஓடும்.

இன்னொன்று, பெரிய போல்டர் மேல் தோட்டாவை வைத்துச் சேறு பூசி அடிக்கிறது. பத்துக் குழி வேட்டைவிட அந்த ஒன்றுதான் ஊரைத் தூக்கும். ராக் பிரேக்கர் வண்டி வந்த பிறகும் அதைச் செய்வது சோம்பேறித்தனம்.

29.06.2025

விரிசல். போட்டோ பார்த்தேன். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறுகிறது, மேலே அகலம், கீழே ஒல்லி. கரிசல் மண்ணில் கட்டின வீடு என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணாலேயே இப்படி விரியும். ஆனால் போட்டோவைப் பார்த்து வேட்டுக்குச் சம்பந்தமில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குவாரிப் பக்கம் நின்று அந்த வார்த்தையைப் பல வீட்டு வாசலில் சொன்னவன் நான். சில வீட்டிலாவது தப்பாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிக் கடையில் மெல்லிய கண்ணாடியை விரல் அகலத்துக்கு, அரை சாண் நீளத்துக்கு அறுத்து வாங்குங்கள். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டுங்கள், வெள்ளையடித்த மேல்பூச்சின் மேல் வேண்டாம், சுரண்டிவிட்டுச் செங்கல் தெரியும் இடத்தில். தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் மணி குறித்து வையுங்கள், கண்ணாடி எப்போது விரிசல் விட்டது என்று பாருங்கள். மூன்று நான்கு இடத்தில் ஒட்டினால் நல்லது.

06.07.2025

வேட்டு எண்ணுவது பற்றி எழுதச் சொல்லி ஒரு பழைய மேட், குவாரி மேஸ்திரி, கேட்டார். அவரும் நானும் ஒரே இடத்தில் இருந்தவர்கள்.

1998. திரி வேட்டு, 14 குழி. திரி ஒரு மீட்டர் எரிய 100 முதல் 120 செகண்ட் ஆகும், பற்ற வைத்துவிட்டு நடந்துதான் வர வேண்டும், ஓடக்கூடாது, விழுந்தால் எழுந்து வர நேரம் இருக்காது. என் வலது பாக்கெட்டில் 14 கூழாங்கல். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றை இடது பாக்கெட்டுக்கு மாற்றுவேன். அன்றைக்கு முடிந்து கையை விட்டால் வலது பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கலாம், ஒன்று வெடிக்காமலும் இருக்கலாம். மூன்று டிப்பர் லாரி கியூவில் நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், இரண்டு சேர்ந்துதான் வந்தது என் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்கிறார். விதிப்படி அரைமணி நேரம் யாரும் கிட்டே போகக்கூடாது. நான் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பாதையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். இருபதாவது நிமிஷம் வெடித்தது. திரி உள்ளே நமத்து, கங்கு மாதிரி இருந்திருக்கிறது.

யாரும் எதுவும் பேசவில்லை. சூப்பர்வைசர் போய் எல்லாருக்கும் டீ வாங்கிவந்தார்.

வெடிக்கவே இல்லையென்றால் அந்தக் குழியைத் தோண்டக் கூடாது, அடைப்பைக் கிண்டக் கூடாது. குறைந்தது 30 செ.மீ. தள்ளி, அதே சாய்வில், இணையாகப் புதுக் குழி போட்டு அதை வெடித்துத்தான் பழையதை எடுக்க வேண்டும். பழைய குழியின் மிச்ச அடியில், துளை ரெடியாக இருக்கிறதே என்று ராடை வைத்து மறுபடி துளைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருடைய இரண்டு பிள்ளைகள் படிப்புக்கு நாங்கள் இன்னும் பணம் போடுகிறோம்.

07.07.2025

திரி என்றதும் ஒரு விஷயம். அதைக் கண்டுபிடித்தவர் சுரங்கக்காரர் இல்லை, இங்கிலாந்தில் கார்ன்வாலில் தோல் வியாபாரம் செய்த வில்லியம் பிக்ஃபோர்டு. அதற்கு முன்னால் வைக்கோல் குழலிலும் இறகுத் தண்டிலும் கரிமருந்தை நிரப்பிப் பற்ற வைத்தார்கள், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது, அவர் ஊரில் அப்படி ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கயிறு திரிப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, புரி முறுக்கும்போதே நடுவில் மருந்தைக் கொட்டினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1831-ல் உரிமை வாங்கினார். என் பாக்கெட்டில் கல் எண்ண முடிந்ததே அவரால்தான்.

13.07.2025

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர், இது ஜல்லிக் குவாரி கதை, பாளம் பாளமாக எடுக்கிற பிளாக் கல் குவாரியைப் பற்றியும் எழுதுங்கள் என்கிறார். நான் ஜாக்கி ஹேமர் பிடித்த நாலு வருடமும் தேன்கனிக்கோட்டைப் பக்கம்தான். கருங்கல் பாளம், மெருகு போட்டுக் கப்பலேறுகிற கல். அங்கே கல்லில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் பாளம் வீண்.

அதனால் அங்கே தோட்டா கிட்டே வராது, கரிமருந்துதான். தோட்டா அதிர்ந்து நொறுக்கும், கரிமருந்து எரிந்து தள்ளும். ஒரு சாண் இடைவெளியில் நேர்கோட்டில் துளைகள், ஒன்றுவிட்டு ஒன்றில் கைப்பிடிக்கும் குறைவான மருந்து. வேட்டுப் போனதே தெரியாது, ஒரு முனகல். கிட்டே போய்ப் பார்த்தால் துளைக்குத் துளை பென்சில் கோடு மாதிரி பிளவு, அந்த வழியாகக் காற்று சில்லென்று வரும். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் துளை போடும் முன்னால் கல்லைச் சுத்தியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். கல்லுக்கு வாகு உண்டு, அந்த வாகில் போனால் பாதி மருந்து போதும் என்பார். மாமல்லபுரத்தில் வரிசையாக ஆப்புக் குழி வெட்டி அப்படியே விட்ட பாறைகளைப் பார்த்திருப்பீர்கள், அதே கோடு, அதே புத்தி. இப்போது வைர ஒயர் ரம்பம் வந்துவிட்டது. தண்ணீரில் கரைத்துத் துளையில் ஊற்றினால் ராத்திரியில் ஊதிக் கல்லைப் பிளக்கிற பவுடரும் வந்துவிட்டது. நல்லதுதான்.

ஆனால் நான் கற்றது அங்கே. ஜல்லிக் குவாரிக்கு வந்தும் கடைசி வரிசையில் அந்தக் கோட்டு வேலையைச் செய்வேன், நிற்கப் போகிற சுவரை வேட்டு உள்ளே கடிக்காமல் இருக்க. 2022 மே மாதம் திருநெல்வேலி பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நாலு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தோடு நான் வேலையை விட்டேன். சுவருக்குக் கீழேதானே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

03.08.2025

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கி எழுதுகிறேன்.

நாலு இடத்தில் கண்ணாடி ஒட்டியிருக்கிறார். ஊர்க்காரர்கள் சேர்ந்து கேட்டதில் குவாரியில் அளவுக் கருவியைக் கொண்டுவந்து இவர் வீட்டு வாசல் மண்ணில் பதித்திருக்கிறார்கள். முதல் வேட்டு 2.9 மி.மீ., அதிர்வெண் 14. அளவு 10, ஆக மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பதினொரு குழியும் ஒரே கார்டில் கட்டினது என்று போர்மேனே ஒப்புக்கொண்டாராம். அடுத்த வாரம் நோனெல் போட்டு ஒவ்வொன்றாக வெடித்ததில் 0.6. சன்னல் ஆடவில்லை, சங்கு ஊதினதைக் கேட்டவர்கள் வேட்டு இன்னும் வைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள்.

கண்ணாடியில் மூன்று அப்படியே இருக்கிறது. ஹால் சன்னல் மூலையில் ஒட்டினது விட்டுவிட்டது. வேட்டே இல்லாத ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் மழைக்கு அப்புறம்.

ஒரு கண்ணாடியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதே இடத்தில் புதுசாக ஒன்று ஒட்டச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மண் காயும் வரைக்கும் இருக்கட்டும். போர்மேனிடம் சில்லு ஜல்லி பற்றியும் பேசியிருக்கிறார், அவர்கள் கிரஷரிலேயே தினமும் சலித்துக் கொட்டுகிற சில்லுதான், ஒரு டிராக்டர் லோடு மேலே ஏற்றிக்கொடுத்தால் போதும்.